மஅபர்: கடல் கடந்தோர் மொழி

சோழமண்டலக் கரைக்கு அரபு வணிகரும் புவிநூலாரும் இட்ட பெயர் 'மஅபர்' என்பதாகும். 'அபர' என்னும் வினையடியிலிருந்து பிறந்த இச்சொல்லுக்குக் கடக்கும் இடம், கடவுத்துறை என்பன பொருள். இலங்கைத் தீவுக்குக் கடந்து செல்லும் துறைகள் இக்கரையில் இருந்தமையால் இப்பெயர் வழங்கிற்று என்பர். ஒரு நாட்டை அதன் மலையாலும் ஆற்றாலும் அரசராலும் அழைப்பதே உலக வழக்கு. நம் நாட்டையோ, அதன் மக்கள் செய்த ஒரு செயலால் அவர்கள் அழைத்தார்கள். கடல் கடத்தலே அச்செயல்.

அதே வினையடியிலிருந்து பிறந்த வேறு சில சொற்களும் நம் வீடுகளில் வழங்குகின்றன. மத்ரஸாவில் நூலின் வாசகத்தை 'இபாரத்' என்கிறோம். நிகழ்ச்சியொன்றிலிருந்து பெறும் படிப்பினையை 'இப்ரத்' என்கிறோம். கனவுக்குப் பொருள் கூறுதல் 'தஅபீர்'. இக்கால அரபு மொழியில் பயணிகளை அக்கரை சேர்க்கும் கப்பலுக்கு 'அப்பாரா' என்று பெயர். கடத்தல், மொழிதல், படிப்பினை பெறுதல் ஆகிய மூன்றையும் ஒரே வேரில் கட்டி வைத்த மொழியின் நுட்பம் எண்ணி மகிழத்தக்கது. பொருள் கரை சேர வேண்டுமாயின் சொல் என்னும் கலம் வேண்டும் என்பதே இதன் உட்கிடை.

இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு, பாக்கு நீரிணையைக் கடந்த பயணங்கள் நம் எழுத்தில் எவ்வாறு இடம்பெற்றன என்று நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. நம் முடிவை முதலிலேயே கூறிவிடுவது நலம். நம்மவர் நெடுங்காலமாகக் கடத்தலிலிருந்து இப்ரத்துக்கு ஒரே தாவாகத் தாவிவிடுகிறார்கள். இடையில் நிற்க வேண்டிய இபாரத், அதாவது பயணியின் வாய்மொழி, பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

கடலைக் காணாத கொங்கு நாட்டில் அமர்ந்துகொண்டு இதனை எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். கொங்கு நாட்டுக்கும் கடலுக்கும் உள்ள உறவு புதியதன்று. நொய்யற்கரைக் கொடுமணலில் பட்டை தீட்டிய மணிகளும், கோவையை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த உரோமக் காசுகளும் அதற்குச் சான்று. நாகூருக்கு நேர்ச்சை செய்துகொண்டு கோவையிலும் ஈரோட்டிலும் இரயிலேறிய குடும்பங்களை நாம் அறிவோம். நமக்கு மேலே நீலமலையில், இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தேயிலை பறிக்கிறார்கள். ஆகவே இது கரையோரத்தார்க்கு மட்டும் உரிய பொருளன்று.

இப்னு பதூதாவின் சான்று

இந்நீரிணையைக் கடந்த பயணத்தைத் தன் வாயாற் சொன்ன பழைய சாட்சிகளுள் இப்னு பதூதா தலையாயவர். ஹிஜ்ரி 745இல், அதாவது கி.பி. 1344இல், மாலத்தீவிலிருந்து இலங்கையை அடைந்தார். புத்தளம் என்று கருதப்படும் துறையில் இறங்கினார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு பாவா ஆதம் மலையைக் கண்டு திரும்பினார். பின்னர் மஅபரை நோக்கிக் கப்பலேறினார்.

இனி அவர் கூறுவதை நம் சொற்களில் சுருக்கித் தருவோம். காற்று மிகுந்தது. கப்பலில் வழியறிந்த மீகாமன் இல்லை. பாறைகளை நெருங்கிப் பிழைத்த கலம், ஆழம் குறைந்த நீரில் தரை தட்டிற்று. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினார்கள். மரங்களைப் பிணைத்து மிதவை ஒன்று செய்தார்கள். தாம் அதில் இறங்க முனைந்தபோது, எங்களை விட்டுவிட்டா போகிறீர் என்று தோழர் வினவினர். அவர் அவர்களை முற்படுத்தினார். தமக்கு உரிமையான பணிப்பெண்கள் இருவருள் தாம் நேசித்தவளை அவர்களோடு மிதவையில் அனுப்பினார். மற்றவள், தனக்கு நீந்தத் தெரியும் என்றும் மிதவையின் கயிற்றைப் பற்றிக்கொண்டு வருவதாகவும் கூறி நீரில் இறங்கினாள். பொழுது சாய்ந்தது. கப்பலில் நீர் ஏறிற்று. இப்னு பதூதா கலத்தின் பின்னணியத்தில் ஏறி விடியுமளவும் அங்கேயே இருந்தார். காலையில் அவ்வூரார் சிலர் படகில் வந்து அவர்களைக் கரை சேர்த்தனர். பழமும் மீனும் கொணர்ந்து ஊட்டினர். அப்பழத்தைப் பற்றி அவர் தரும் விவரம், நாரிடையே பஞ்சும் தேனும் போன்ற சாறுடையது, அதிலிருந்து சருக்கரை போன்ற இனிப்புச் செய்வர் என்பது. அது நம் பனம்பழம் என்பதைத் தமிழர் எவரும் எளிதில் உணர்வர்.

இப்பகுதி சிறந்த இலக்கியமாக நிற்பது எதனால்? இடர்ப்பாடு பெரிது என்பதனால் அன்று. கடலில் உடைந்த கலங்கள் கணக்கிறந்தவை. யார் மிதவையில் சென்றனர், யார் கயிற்றைப் பற்றினர், யார் கலத்திலேயே இருந்தனர் என்பதை ஆள் ஆளாகச் சொல்கிறார் என்பதனாலேயே இது நிற்கிறது. தம்மைக் காத்தவர்கள் வேற்றுச் சமயத்தார் என்பதை அவர் மறைக்கவில்லை. அவர்கள் கையால் உண்ட பழத்தின் சுவையையும் மறக்கவில்லை. இறைவன் காத்தான் என்று ஒரே வரியில் முடித்திருந்தாலும் அது உண்மையே ஆகியிருக்கும். ஆனால் இறைவன் யாருடைய கைகளைக் கொண்டு காத்தான் என்பது நமக்குத் தெரியாமற் போயிருக்கும்.

குறை இல்லாமலும் இல்லை. சுல்தானிடமிருந்து வந்த பரிவாரம், குதிரை, பல்லக்கு ஆகியவற்றை நினைவில் வைத்துச் சொன்னவர், கயிற்றைப் பற்றி நீந்திய பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை. அந்நிகழ்ச்சியில் அஞ்சாமற் செயற்பட்டவள் அவளே. ஆயினும் அவள் பெயரற்றவளாகவே வரலாற்றில் மிதக்கிறாள். பின்வந்த பயண எழுத்தில் நாம் காணப்போகும் குறையின் வித்து இங்கேயே இருக்கிறது.

கண்ணாடியும் கப்பலும்

இனி நம் சொந்த மரபுக்கு வருவோம். நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையைப் பற்றி வழங்கும் காரணச் செய்திகளுள் கப்பற் செய்தி அனைவரும் அறிந்தது. நடுக்கடலில் துளைபட்டுத் தத்தளித்த கப்பலை, முடி மழித்துக்கொண்டிருந்த ஆண்டகை கையிலிருந்த கண்ணாடியை எறிந்து காத்தார்கள் என்பர். நாகூர் குலாம் காதிறு நாவலர் உரைநடையில் எழுதிய 'கன்ஜுல் கறாமத்து' போன்ற நூல்களால் இத்தகைய வரலாறுகள் வீடுதோறும் பரவின. மௌலிது ஓதும் இரவுகளில் இதனைக் கேட்டு உருகாதார் இல்லை.

இச்செய்தி நிகழ்ந்ததா என்னும் ஆராய்ச்சி ஈண்டு நம் நோக்கமன்று. இலக்கியமாக நோக்குவோமாயின், இக்கதையில் மூவர் தெளிவாகத் தெரிகின்றனர். கண்ணாடியை எறிந்த ஆண்டகை ஒருவர். கண்ணாடியை இழந்து திகைத்த நாவிதர் ஒருவர். நன்றியோடு வந்து நின்ற கப்பல் தலைவர் ஒருவர். கப்பலின் உள்ளே இருந்தோர் எத்தனை பேர், எவ்வூரார், எதற்காகப் புறப்பட்டார் என்பன கதைக்கு வேண்டாதவையாகிவிட்டன. காரண நூலின் இலக்கு ஆண்டகையின் சிறப்பேயாகலின், அதனைக் குறை கூறுதல் பொருந்தாது. ஆனால் கடற்பயணம் பற்றி நாம் பெற்ற இலக்கியம் அதுவாகவே நின்றுவிட்டது என்பதே வருத்தத்துக்குரியது.

ஏனெனில் அக்கதையைச் சுமந்து சென்றவர்கள் பயணிகளே. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் வீதியில் 1828 முதல் 1830 வரை நாகூர் தர்காவைப் போன்ற நினைவிடம் எழுப்பினார்கள். பினாங்கின் ஜார்ஜ் டவுனிலும், கிழக்கிலங்கைக் கல்முனையின் கடற்கரைப் பள்ளியிலும் நாகூர் நாயகத்தின் பேரில் கொடி ஏற்றினார்கள். கப்பல் தளத்தில் அஞ்சி அமர்ந்திருந்தோர், இறங்கிய கரைகளில் தம் நன்றியைக் கல்லாலும் கொடியாலும் எழுதி வைத்தனர். குலாம் காதிறு நாவலரே கடல் கடந்து பினாங்கு சென்று, 1883இல் 'வித்தியா விசாரிணி' என்னும் ஏட்டை நடத்தியவர். அத்தகைய புலமையாளர் தம் கப்பற் பயணத்தை நாளேடு போல ஒரு சிறு நூலாகத் தந்திருப்பாராயின், அது இன்று நமக்கு எத்துணைப் பெரிய செல்வமாக இருக்கும்!

உருவகத்தின் எல்லை

ஸூபியாக்களின் மரபு கப்பலை வேறொரு வகையிற் கையாண்டது. ஷரீஅத்தைக் கப்பலாகவும், தரீகத்தைக் கடலாகவும், ஹகீகத்தை முத்தாகவும் கொள்ளும் உருவகம் மத்ரஸா மாணவர் அனைவரும் அறிந்ததே. இதன் ஆழத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் உருவகம் உயிரோடிருப்பது உருவத்தால். காயலிலும் கீழக்கரையிலும் வாழ்ந்தவர்க்குக் கப்பலும் முத்தும் அன்றாடத் தொழில். மூச்சடக்கி மூழ்கிய மனிதரைத் தெரிந்தவர்கள் முத்து என்று கேட்டபோது அவர்கள் நெஞ்சு நடுங்கியிருக்கும். கப்பலையே காணாத தலைமுறை அதே உருவகத்தை ஓதும்போது அது வெறும் ஓசையாகத் தேய்கிறது.

உயர்ந்த கருத்துக்கு இவ்வுலகச் செய்திகள் எதற்கு என்பார்க்கு, திருமறையின் கஹ்ஃபு அத்தியாயத்தை நினைவூட்டுவோம். மூஸா (அலை) அவர்களும் ஹிள்ரு (அலை) அவர்களும் ஏறிய படகு துளையிடப்பட்ட நிகழ்ச்சி அங்கே வருகிறது. அதன் மறைபொருளை விளக்கும் இடத்தில் முதலிற் கூறப்படுவது தத்துவமன்று. அப்படகு யாருடையது என்பதே. அது கடலில் உழைக்கும் ஏழைகளுடையது என்பதும், நல்ல படகுகளைப் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் இருந்தான் என்பதும் கூறப்பட்ட பின்னரே துளையின் நன்மை விளங்குகிறது. உடைமையாளரின் வறுமையை நீக்கிவிட்டு அப்படிப்பினையை எவராலும் எடுத்துரைக்க இயலாது. இறைவாக்கே ஏழையின் படகை ஏழையின் படகாகச் சொல்லும்போது, நாம் மட்டும் படகை விட்டுத் தத்துவத்துக்கு ஓடுவது முறையாகுமா?

இருப்புப்பாதையும் நீராவிக் கப்பலும்

1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதனையடுத்துத் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓடலாயின. இடைத்தொலைவு ஏறத்தாழ 22 மைல்தான். சென்னை எழும்பூரில் 'போட் மெயில்' ஏறியவர், தனுஷ்கோடியிற் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடியும் இரயிலேறிக் கொழும்பை அடைந்தார். தோட்டத் தொழிலாளரின் வழி அவ்வளவு இன்பமானதன்று. மண்டபம் முகாமில் அவர்கள் நிறுத்தி வைக்கப்பட்டு, நோய் இல்லை என்று கண்ட பின்னரே அனுப்பப்பட்டனர். ஒரே கடல் ஒருவருக்குச் சில மணி நேரமாகவும், மற்றவருக்குப் பல நாள் காவலாகவும் இருந்தது.

1964 அக்டோபர் 30இல் சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று அதில் முடிவாயிற்று. இரண்டு மாதம் நிறைவதற்குள், டிசம்பர் 22 இரவில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோருடன் வந்த இரயில் வண்டியைக் கடல் கொண்டது. அதன்பின் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலில் அம்மக்கள் வந்து இறங்கினர். இலங்கைப் போரினால் 1980களில் அப்போக்குவரத்தும் நின்றது. தாயகம் திரும்பியோருக்கெனத் தமிழக அரசு 1968இல் நீலமலையில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் குடியேறிய அவர்கள் இன்று நம் அண்டை வீட்டார்.

அவர்களைக் குறித்து வழங்கிய இரு பெயர்களைக் கவனியுங்கள். இலங்கையில் அவர்களை இழித்துரைத்த சொல் 'கள்ளத்தோணி'. இங்கு வந்த பிறகு கிடைத்த பெயர் 'சிலோன்காரர்'. அக்கரையில் ஏறி வந்த கலத்தின் பெயர். இக்கரையில் விட்டு வந்த தீவின் பெயர். இரு கரையிலும் அவர்கள் கடத்தலால் மட்டுமே அறியப்பட்டனர். ஆனால் அக்கடத்தலைப் பற்றி அவர்களையே பேச விட்டவர் சிலரே.

தமிழ்ப் புனைகதை இத்துறையில் வெறுங்கையோடு நிற்கவில்லை. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', நெல்லைச் சீமைப் பெண்ணொருத்தியை இலங்கைத் தேயிலைத் தோட்டம் வரை கொண்டு செல்கிறது. எனினும் கதையின் கனமெல்லாம் தோட்டத்திலேயே விழுகிறது. அது அக்கதைக்கு வேண்டியதே. தோப்பில் முஹம்மது மீரானின் 'துறைமுகம்' கருவாட்டு வணிகத்தையும் கொழும்புச் சந்தையை நம்பிய கரையோர ஏழைகளையும் காட்டுகிறது. சரக்கு கடல் கடக்கிறது. மனிதர் கரையில் நின்று விலைக்காகக் காத்திருக்கின்றனர். கடத்தலையே நடுவில் வைத்த பெருநாவல் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972இல் வெளிவந்த அந்நாவலில், மலாக்கா நீரிணையில் தொங்கான் புயலில் அகப்படும் பகுதி தமிழுரைநடையின் உச்சங்களுள் ஒன்று. அங்கே மாலுமியும் வணிகனும் கலமும் காற்றும் தனித்தனியே உயிர் பெறுகின்றன. படிப்பினை எதனையும் ஆசிரியர் எடுத்துச் சொல்வதில்லை. படித்து முடித்தவர் தாமே அதனைப் பெறுகிறார். இபாரத் செம்மையாக அமைந்தால் இப்ரத் தானே வரும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

சொல்லப்பட வேண்டிய பயணங்கள்

நம் சமுதாயத்துக்கு இது ஓய்வு நேரப் பேச்சன்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் தங்கள் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அவர்களுள் மன்னார்த் தீவின் மக்கள் படகுகளில் கற்பிட்டிக் கரைக்குச் சென்று இறங்கினர். போட் மெயில் பயணிகள் இறங்கிய தலைமன்னார் அமைந்திருப்பதும் அதே தீவில்தான். தமிழே பேசி, தமிழிலேயே ஓதி வளர்ந்த மக்கள் தமிழ் நிலத்திலிருந்து கடல் வழியே அனுப்பப்பட்டனர். இதனைப் பொறுமையின் சோதனை என்று மட்டும் கூறி முடிப்பது எளிது. அப்படகில் ஒரு தாய் எதனை எடுத்துக்கொண்டாள், எதனை விட்டு வந்தாள் என்று எழுதுவதே அரிது. ஈழத்து முஸ்லிம் எழுத்தாளர் சிலர் அவ்வரிய பணியைச் செய்துள்ளனர். தமிழகத்து நம் வீடுகளில் அவை போதிய அளவு படிக்கப்பட வேண்டும் என்பது நம் விண்ணப்பம்.

2023 அக்டோபர் 14ஆம் நாள், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 'செரியாபாணி' என்னும் கப்பல் புறப்பட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தமிழகத்துக்கும் வட இலங்கைக்கும் இடையே பயணிகள் கப்பற் போக்குவரத்து மீண்டும் தொடங்கியது அப்போதுதான். வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டுச் சில நாட்களிலேயே அது நின்றது. 2024 ஆகஸ்டு 16இல் 'சிவகங்கை' என்னும் கப்பலைக் கொண்டு மீண்டும் தொடங்கியது. இராசராச சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் சூடாமணி விகாரம் எழுப்பிய நகரம் நாகப்பட்டினம். போர்த்துக்கீசியரும், 1658 முதல் ஒல்லாந்தரும், 1781இல் ஆங்கிலேயரும் கைப்பற்றிய துறை அது. அந்நகரம் தன் பழைய தொழிலுக்குத் திரும்பியது மகிழ்ச்சிக்குரியதே.

ஆனால் அதனையொட்டி எழுதப்பட்டவற்றை நோக்குங்கள். இருக்கைகள் 150; கட்டணம் இவ்வளவு; நேரம் இத்தனை மணி; கொடியசைத்தவர் இன்னார். செய்தித்தாளுக்கு இவை வேண்டியவையே. இதழ்களில் வந்த பயணக் கட்டுரைகளோ கடலின் நீலத்தையும் கோயில்களின் பழமையையும் புகழ்ந்து அமைந்தன. பக்கத்து இருக்கையில் இருந்தவர் யார்? நாற்பது ஆண்டு கழித்து உடன்பிறந்தாளைக் காணச் செல்லும் முதியவரா? துணி வாங்கி விற்கும் சிறு வணிகரா? ஒருமுறை அகதியாக இதே கடலைக் கடந்தவரா? இவ்வினாக்களை எழுப்பாத பயணக் கட்டுரை, பயணச் சீட்டின் பின்புறத்தில் அச்சிட்ட விதிகளைவிட எவ்வகையில் மேலானது?

நான்கு மணிக் கூற்றுப் பயணத்தில் எழுத என்ன இருக்கிறது என்பது சோம்பலின் வாதம். இப்னு பதூதா கலத்தின் பின்னணியத்தில் இருந்தது ஓர் இரவுதான். அவ்வோர் இரவு ஏறத்தாழ 680 ஆண்டுகளாகப் படிக்கப்படுகிறது.

எழுதத் தெரியாதவர் என்ன செய்வது என்பார்க்கும் விடை அவர் நூலிலேயே உண்டு. 'ரிஹ்லா' இப்னு பதூதாவின் கைப்பட எழுதப்பட்ட நூலன்று. தாயகம் திரும்பிய பின் அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை என்னும் புலவர் அதற்கு நூல் வடிவம் தந்து கி.பி. 1355இல் நிறைவு செய்தார். பயணம் ஒருவருடையது, எழுதுகோல் மற்றவருடையது. முன்னவரின்றிப் பின்னவருக்குப் பொருளில்லை. பின்னவரின்றி முன்னவருக்கு நிலைபேறில்லை.

கோவையிலும் திருப்பூரிலும் மேட்டுப்பாளையத்திலும் நீலமலையிலும், இராமேசுவரத்தில் வந்து இறங்கிய நாளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். அப்போது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கே இன்று ஐம்பதுக்கு மேலாகிறது. வீட்டில் கல்லூரி செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் குரலைப் பதியும் கருவியும் இருக்கிறது. பெரியவர் முன் அமர்ந்து, எந்தக் கப்பல், யாரோடு, கையில் என்ன இருந்தது, கரையில் முதலில் உணவு தந்தவர் யார் என்று அவர்கள் கேட்கட்டும். கேட்டதைத் தம் சொற்சிங்காரம் சேர்க்காமல், படிப்பினை கூட்டாமல் எழுதட்டும். பாட்டிமாரின் பெயரை விடாமல் எழுதட்டும்; கயிற்றைப் பற்றி நீந்தியவள் இன்னொரு முறையும் பெயரின்றிப் போகலாகாது. அரபியர் கடவுத்துறை என்று அழைத்த நாட்டில் பிறந்த நமக்கு, கடந்து வந்தோரின் மொழியைக் காப்பது ஓர் அமானிதம். அதனை ஒப்படைக்க வேண்டிய காலத்தில் ஒப்படைக்கும் தவ்ஃபீக்கை வல்ல இறைவன் நமக்கு நல்குவானாக.